பாற்கடலுக்குக் காட்டு வழியே

மழை ஓய்ந்துவிட்டது. ஹுப்பள்ளியிலும் வாஸ்கோவிலும் வாழும் நம் சங்கத்துக் குடும்பங்களில், தூத்சாகருக்கு எப்போது போகலாம் என்னும் பேச்சு இனி எழுந்துவிடும். நாம் ரெயில்வேயில் எழுத்தராக இருப்பதை எண்ணி, தண்டவாளத்தின் வழியே நடந்து செல்ல ஏதேனும் சலுகை உண்டா என்று அன்பர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். இல்லை என்பதே விடை. ஆயினும் அந்த ஒரு சொல்லோடு இத்திங்களின் பகுதியை முடித்துவிட மனம் வரவில்லை.

தூத்சாகர் என்றால் பாற்கடல். கோவா, கர்நாடக எல்லையில், மாண்டவி நீர் நான்கு அடுக்குகளாக ஏறத்தாழ 310 மீட்டர் வீழ்கிறது. அருவியின் இடுப்பில் ஒட்டியாணம் பூட்டினாற்போல் ரெயில் பாலம் குறுக்கே செல்கிறது. காசில் ராக்கிலிருந்து குலேமுக்கு இறங்கும் இம்மலைப்பாதையில், 37 அடி சென்றால் ஓர் அடி இறக்கம். மர்மகோவாத் துறைமுகத்து நிலக்கரியை மேலே ஏற்றப் பின்னாலும் எஞ்சின்கள் தள்ளவேண்டும். கீழே இறங்கும் வண்டியோ, ஓட்டுநர் ஆளைக் கண்டதும் நின்றுவிடாது.

2013-இல் ‘சென்னை எக்ஸ்பிரஸ்’ என்னும் இந்திப் படம் வந்தது. மும்பையிலிருந்து சென்னைக்குச் சோலாப்பூர் வழியே போகவேண்டிய வண்டி, அப்படத்தில் இவ்வருவிக்கு வந்துவிட்டது! அதைக் கண்டு மயங்கியவர்களில் நாமும் ஒருவர். மறு ஆண்டு ஆடி மாதத்தில், வேலையில் சேர்ந்த புதிது, அடையாள அட்டை சட்டைப் பையில் இருக்கும் துணிவில், நண்பர் இருவருடன் காசில் ராக்கிலிருந்து தண்டவாளத்தில் நடந்தோம். ஒரு குகையின் நடுவே செல்கையில் வண்டி வந்தது. மழையின் இரைச்சலில் ஊதல் ஒலி காதில் விழவில்லை. தண்டவாளம் அதிர்ந்தபோதுதான் உணர்ந்தோம். ஆட்கள் ஒதுங்கச் சுவரில் விடப்பட்டிருந்த மாடம் ஒன்று கைக்கு அகப்பட்டது. மூவரும் அதற்குள் ஒடுங்கி நின்றோம். ஐம்பதுக்குக் குறையாத வாகன்கள் முகத்தருகே கடந்தன. வெளியே வந்தபின் எவரும் பேசவில்லை. அன்று அருவியைப் பார்த்தோமா என்பதுகூட இன்று நினைவில் தெளிவாக இல்லை.

இருப்புப்பாதையில் அத்துமீறி நடப்பது 1989-ஆம் ஆண்டு ரெயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். எழுத்தருக்கும் அதே பிரிவுதான். 2023 ஜூலையில் இவ்வாறு திரண்டு வந்தோரைத் தடுத்துக் காவலர்கள் தோப்புக்கரணம் போடச் செய்தனர். அது எமனைக் காட்டிலும் இரக்கமான தண்டனை என்றே நமக்குத் தோன்றிற்று.

சென்ற ஐப்பசியில் நம் மகளையும் மூன்று குடும்பத்தாரையும் காட்டு வழியே அழைத்துச் சென்றோம். குலேமில் இறங்கி, வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் பெற்றுப் புறப்படவேண்டும். எல்லா நாளும் விடுவதில்லை, முன்னரே விசாரித்துக்கொள்க. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வழி. செங்குத்தான ஏற்றம் கிடையாது. முதியோர் ஜீப்பில் வந்தனர். செம்மண் தடம், இருபுறமும் மூங்கிலும் மருதும். இடையிடையே ஓடைகள், முழங்கால் அளவு நீர். ஈரமான இடங்களில் அட்டை கடிக்கும். உப்புப் பொட்டலம் மறவாதீர். கட்டுச்சோற்றைக் கையில் தூக்கிச் செல்லலாகாது. நம் புளிச்சோற்றில் பாதியைக் குரங்குகள் கொண்டுபோயின. ஊறுகாயை மட்டும் முகர்ந்து பார்த்துத் திருப்பித் தந்துவிட்டன.

கடைசிக் காற்கல் தொலைவு பெரும்பாறைகளின் மேல். அங்கே செருப்பு உதவாது, பிடிப்புள்ள காலணி வேண்டும். நீரில் இறங்குவோர்க்கு மிதவைச் சட்டை கட்டாயம்.

பாறை ஒன்றில் அமர்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பாலத்தின் மேல் ஒரு சரக்கு வண்டி மெல்ல ஊர்ந்தது. கீழே நமக்கு அதன் ஓசை சிறிதும் கேட்கவில்லை. மகள் கையசைத்துவிட்டு, “அப்பா, அங்கே நடந்து போயிருக்கிறீர்களா?” என்றாள். புளிச்சோறு மீதி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னோம்.

நம் இல்லத்தரசியும் அச்செய்தியை இவ்விதழில்தான் முதன்முறையாகப் படிக்கப்போகிறாள்.