கோழி இறைச்சியில் கிருமி: பழி கடைக்காரருக்கு, லாபம் யாருக்கு?

இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா 1990இல் திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் அமைந்தது. இரவுப் பணி முடித்து வெளியே வரும் ஊழியர்களுக்கும், கட்டுமான வேலைக்கு வந்துள்ள வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கும் அந்நேரத்தில் கிடைப்பது சாலையோர ஷவர்மாவும் பொரித்த கோழியும்தான். அது பாதுகாப்பானதா என்ற கேள்வியை அரசு நிர்வாகம் ஓர் உயிர் போன பிறகே எழுப்புகிறது.

2012 ஜூலையில், திருவனந்தபுரத்தில் ஷவர்மா வாங்கிச் சென்ற 21 வயது இளைஞர் பெங்களூருவில் இறந்தார். 2022 மே 1 அன்று காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் 16 வயது மாணவி பலியானார்; அக்கடையின் கோழி ஷவர்மாவில் சால்மோனெல்லா, ஷிகெல்லா கிருமிகள் கண்டறியப்பட்டன. 2023 ஜனவரியில் கோட்டயத்தில் ஒரு செவிலியர். அதே ஆண்டு செப்டம்பரில், கோழிப் பண்ணைகளுக்குப் பெயர்பெற்ற நாமக்கல்லிலேயே 14 வயது மாணவி. ஒவ்வொரு முறையும் அதிரடிச் சோதனை, சில கடைகளுக்குப் பூட்டு, பிறகு பழைய நிலை.

செறுவத்தூர் மரணத்திற்குப் பின் கேரள அரசு ஷவர்மாவுக்கெனத் தனி விதிமுறைகளை வகுத்தது. உரிமமின்றி விற்றால் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், 6 மாதம் வரை சிறை என்று அப்போது அறிவிக்கப்பட்டது. பொட்டலத்தில் தயாரித்த நேரம் குறிக்கப்பட வேண்டும், ஒரு மணி நேரத்திற்குள் உண்ண வேண்டும். 2023இல் பச்சை முட்டை மயோனைசும் தடை செய்யப்பட்டது. தேவையான நடவடிக்கைகளே. ஆனால் இவையனைத்தும் கடைசிக் கண்ணியான கடைக்காரரோடு நின்றுவிடுகின்றன.

கிருமி கடையில் பிறப்பதில்லை. சால்மோனெல்லாவும் கேம்பைலோபாக்டரும் கோழியின் குடலிலேயே வாழ்பவை. நெரிசலான கூண்டுகளில் கோழிகள் ஏற்றிச் செல்லப்படும்போது எச்சத்தின் வழியே பரவுகின்றன. ஒரே வெந்நீர்த் தொட்டியில் நூற்றுக்கணக்கான கோழிகள் முக்கப்படும்போது, ஒரே கத்தியும் பலகையும் கழுவப்படாமல் சுழலும்போது, ஒரு கோழியின் கிருமி எல்லாக் கோழிகளுக்கும் போகிறது. நன்றாக வேகவைத்தால் அவை அழியும். ஷவர்மாவிலோ வெளிப்புறம் கருகி, உட்புறம் வேகாமல் இருக்கும்போதே சீவப்படுகிறது.

இதைவிடப் பெரிய ஆபத்து மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள். அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014இல் தில்லி வட்டாரத்தில் சோதித்த 70 கோழி மாதிரிகளில் 40 சதவீதத்தில் ஆன்டிபயாட்டிக் எச்சம் இருந்தது. மனிதருக்குக் கடைசிப் புகலிடமான கொலிஸ்டினைக் கால்நடைத் தீவனத்தில் சேர்ப்பதற்கு ஒன்றிய அரசு 2019 ஜூலையில்தான் தடை விதித்தது. பல்லடம், நாமக்கல் வட்டாரங்களிலிருந்தும் கேரளத்திற்குக் கோழி போகிறது. ஒப்பந்தப் பண்ணைகளில் குஞ்சு, தீவனம், மருந்து மூன்றையும் தருவது நிறுவனமே. விவசாயிக்குக் கிடைப்பது கிலோவுக்குச் சில ரூபாய் வளர்ப்புக் கூலி. என்ன மருந்து தரப்படுகிறது என்று கேட்கும் இடத்தில் அவர் இல்லை.

எனவே சோதனை பண்ணையிலும் தீவன ஆலையிலும் தொடங்க வேண்டும். ஒருங்கிணைப்பு நிறுவனங்கள் மருந்துக் கணக்கை வெளியிடச் சட்டம் வேண்டும். உள்ளாட்சி அமைப்புகள் சுகாதாரமான இறைச்சிக் கூடங்கள் அமைக்க நிதி தரப்பட வேண்டும். காலியாக உள்ள உணவுப் பாதுகாப்பு அலுவலர் பணியிடங்கள் நிரப்பப்பட வேண்டும். உணவால் மரணம் நேர்ந்தால் குறைந்தது 5 லட்சம் ரூபாய் இழப்பீடு என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் 65ஆவது பிரிவு. அந்தப் பொறுப்பு, கோழியை விற்று லாபம் ஈட்டும் நிறுவனங்கள் வரை நீட்டிக்கப்பட வேண்டும்.