கெட்டிமேளம்

கல்யாணத்திற்குச் சங்கீதம் ஏற்பாடு செய்வது நம்மிடையே ரசனை சம்பந்தப்பட்ட காரியமாக இல்லை. சமையல்காரர், பந்தல், வாழைமரம், ஐஸ்கிரீம் என்ற ஜாபிதாவில் அதுவும் ஒன்று. பல மண்டபங்களில் மேளம் வாடகையோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. வாசிப்பவர் யார் என்று முகூர்த்தத்தன்று காலையில்தான் கல்யாண வீட்டார் பார்க்கிறார்கள். பார்க்கிறார்கள் என்றுதான் சொல்ல முடியும். கேட்பதில்லை.

இதைச் சொன்னவுடன் நாகஸ்வரக் கலை அழிகிறது என்று ஒப்பாரி வைக்க ஒரு கூட்டம் தயாராக இருக்கிறது. அவர்களோடு எனக்குச் சம்பந்தமில்லை. வரவேற்புக்கு ஒரு சபாப் பாடகரை அமர்த்திவிட்டு, அவர் காம்போதியை விஸ்தரிக்கும்போது பரிசு கொடுக்கும் வரிசையில் நின்று மனை விலை பேசுகிறவர்கள் இவர்கள்தான். மெல்லிசைக் குழு வைப்பவனை ரசனை கெட்டவன் என்பதும் இவர்களே. என் கட்சி, அவன் இவர்களைவிட யோக்கியன் என்பது. தனக்குத் தெரிந்த சினிமாப் பாட்டை அவன் கேட்கிறான், கூடவே முணுமுணுக்கிறான், பாடுகிறவன் தடம் புரண்டால் முகம் சுளிக்கிறான். சபாக்காரருக்கோ காம்போதி வாசலில் தெளிக்கிற பன்னீர்.

கல்யாணமே கச்சேரி மேடையாக இருந்த காலம் உண்டு. தஞ்சை ஜில்லாவில் ஊர்வலம் தெருமுனையில் நின்றுவிடும். ஒரே ராகம், மணிக்கணக்கில். டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) தோடி இசைத்தட்டில் பதிவாகும் முன் கோயில் வீதிகளிலும் இந்த ஊர்வலங்களிலும்தான் வளர்ந்தது. சுத்த மத்யமம் சுத்தமாகப் பேச வேண்டும் என்பதற்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி நீளமான பாரி நாகஸ்வரத்தை அவருக்காகக் கடைந்து கொடுத்தார். ஒரு ஸ்வரத்துக்காக வாத்தியத்தையே மாற்றினார்கள், அதைக் கவனிக்கக் காதுகள் இருந்தன. 2022இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறார்கள். சந்தோஷம்.

அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கவும் நான் தயாரில்லை. விடிய விடியக் கேட்ட வீடுகளே வித்வானைப் பந்தியில் தள்ளி உட்கார வைத்தன. பறையோ உள்ளேயே வர முடியவில்லை. சாவுக்கு மட்டும் அது வேண்டியிருந்தது. இப்போது மேடைகளில் பறையைக் கொண்டாடிக் கட்டுரை எழுதுகிற நம் நண்பர்களில் எத்தனை பேர் தங்கள் வீட்டு முகூர்த்தத்துக்கு அதை அழைத்தார்கள்? வெளியே சிலர் செய்திருக்கிறார்கள். நம் வட்டத்தைக் கேட்கிறேன்.

இன்றைய மோஸ்தர் செண்டை. பஞ்சாரி மேளம் 96 அட்சரத்தில் தொடங்கி, காலத்துக்குக் காலம் பாதியாகக் குறைந்து, ஐந்தாம் காலத்தில் 6 அட்சரத்துக்கு வருவது. முதல் காலத்தின் நிதானத்தில் ஊறியவனுக்குத்தான் கடைசி வேகம் அனுபவம். நமக்கு வேண்டியது அந்தக் கடைசி இரண்டு நிமிஷம், மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கும்வரை. பூரத்தின் வாலை மட்டும் அறுத்துக் கொண்டுவந்து வாசலில் கட்டுகிறோம்.

தாலி கட்டும்போது தும்மலோ அழுகையோ காதில் விழக்கூடாது, அதற்காகவே கெட்டிமேளம் என்பார்கள். நியாயமான சத்தம்தான்; ஒரு நிமிஷச் சத்தம். இன்று இரண்டு நாளும் கெட்டிமேளமாகிவிட்டது. ஆளுயர ஒலிபெருக்கிகள் வைத்து எந்த அபசகுனத்தை மறைக்கிறோம்? பெண்ணைப் பெற்றவரின் கடனையா? இரண்டு சம்பந்தி வீட்டுக்கும் பேசிக்கொள்ள ஒன்றுமில்லை என்பதையா?

கவிதையில் ஒரு சொல் மிகை என்று வருஷக்கணக்காகச் சண்டை போடுகிறவர்கள் நாம். வீட்டுக் கல்யாணம் என்றால் மட்டும் பெரியவர்கள் மேல் பழியைப் போட்டுக் கையை விரிக்கிறோம். இரண்டு நாகஸ்வரம், இரண்டு தவில், மைக் கிடையாது, பந்திக்கு முன் ஒரு மணி நேரம், முன்வரிசையில் பெண்ணும் மாப்பிள்ளையும். இதைக்கூடப் பிடிவாதமாகக் கேட்க முடியாதவருக்கு இலக்கியத்தில் மட்டும் எங்கிருந்து வந்தது சமரசமின்மை? உட்கார்ந்து கேட்க ஆளில்லையென்றால் வாத்தியமே வேண்டாம். 1967ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் சுயமரியாதைக் கல்யாணம் செல்லும். மேளத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.