தலைசுற்றலுக்குச் சீனத்து வேர்

மலேசியா, சிங்கப்பூர் போய் வரும் எங்கள் அபிராமத்து ஆட்களின் பெட்டியில் கோடாலித் தைலத்தோடு சீன மருந்தும் ஒன்றிரண்டு இருக்கும். நண்பர் ஒருவருக்கு மகன் வாங்கி வந்தது தலைசுற்றலுக்கான மருந்து. ‘தியான்மா’ என்ற கிழங்கு சேர்ந்ததாம். “ரெண்டு வாரத்துல கிறுகிறுப்பு போயிருச்சு. இதுக்கு மேல என்னப்பா அத்தாட்சி வேணும்?” என்கிறார்.

வேண்டும் என்கிறேன் நான்.

படுக்கையில் புரளும்போதும் அண்ணாந்து பார்க்கும்போதும் வரும் சுற்றலுக்குப் பெரும்பாலும் காரணம், உட்காதில் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறுவதுதான். பலருக்குச் சில வாரங்களில் அது தானாகவே சரியாகிவிடும். அந்த நாட்களில் சீனக் கிழங்கைத் தின்றாலும், சுக்குக் கஷாயம் குடித்தாலும், சும்மா இருந்தாலும் குணம் தெரியும். பேர் மட்டும் மருந்துக்குப் போகும். அதனால்தான் மருந்து சாப்பிட்டவர்களையும் சாப்பிடாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். தியான்மா சேர்ந்த பேர்பெற்ற சீனக் கஷாயம் ஒன்று இரத்தக் கொதிப்பைக் குறைக்கிறதா என்று 2012-ல் காக்ரேன் அமைப்பினர் தேடினார்கள். அவர்கள் அளவுகோலுக்கு ஓர் ஆய்வுகூடத் தேறவில்லை.

மூலிகையை நான் பழிக்கவில்லை. சீனத்து யூயூ தூ ஒரு மூலிகையைப் பல விதமாகச் சோதித்து, மலேரியாவுக்கு மருந்து கண்டு, 2015-ல் நோபல் பரிசு வாங்கினார். நம் சர்ப்பகந்தா வேரை நோயாளிகளிடம் சோதித்து, அது இரத்தக் கொதிப்பைக் குறைப்பதை பம்பாய் டாக்டர் ருஸ்தம் வக்கீல் 1949-ல் எழுதினார். சோதனைக்கு நின்ற வேருக்கு உலகமே தலைவணங்கியது.

காதுத் துகளுக்கு மருந்தே தேவையில்லை. தலையை முறையாகச் சாய்த்துத் திருப்பும் எப்ளி முறையில் டாக்டர் சில நிமிடங்களில் சரி செய்துவிடுவார்.

எனக்குப் பயம் வேறு. நம் ஊரில் எந்தத் தலைசுற்றலுக்கும் ‘பித்தம்’ என்று ஒரே பேர். சர்க்கரை இறங்கினாலும், வெயிலில் நீர் வற்றினாலும், பிரஷர் மாத்திரை அதிகமானாலும் தலை சுற்றும். திடீரென்று சுற்றி, பேச்சு குழறி, பார்வை இரண்டாகி, நடை தள்ளாடினால் அது பக்கவாதமாக இருக்கலாம். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. அந்த நேரத்தில் கஷாயம் காய்ச்சாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

நண்பரிடம் கடைசியாகச் சொன்னது இதுதான்: டாக்டரிடம் போகும்போது, பிரஷர் மாத்திரைச் சீட்டோடு அந்தச் சீன டப்பாவையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். அதை மட்டும் மறைக்காதீர்கள்.