ஷாக்கைக் குறை சொல்லும் முன்

உத்தர்பாராவில் 2014-இல் உற்பத்தி நின்ற பிறகும் அணுபுரம், கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம் பக்கத்துப் பட்டறைகளுக்கு அம்பாசடர் வருவது நிற்கவில்லை. ஓட்டி வருபவர் சொல்லும் புகாரும் மாறவில்லை: "பின்னாடி தூக்கிப் போடுது சார், அமுக்கினா அப்படியே நிக்குது." கேட்ட மாத்திரத்தில் நம் ஆட்கள் ஜாப் கார்டில் 'ஷாக் ஜாம்' என்று எழுதிவிடுகிறார்கள். ஜாம் ஆனது ஷாக்தானா என்று பார்த்துவிட்டு எழுதுபவர்கள் குறைவு.

பழைய அம்பாசடர்களில் பின்னால் இருப்பது லிவர் டைப். ஷாக்கின் கூடு வண்டியின் அடியில் போல்ட் போட்டு நிற்கும். அதன் கை மட்டும் ஒரு லிங்க் வழியாக ஆக்ஸில் பக்கம் சேரும். பார்க்க வேண்டியதும் அங்கேதான். இரண்டு பக்க லிங்கையும் கழற்றிவிட்டு வண்டியை அமுக்கிப் பாருங்கள். ஷாக்கின் பிடி விட்டுப்போன வண்டி தாராளமாகக் குதிக்க வேண்டும். அப்போதும் எழ மறுத்தால் ஷாக்கின் மேல் குற்றமில்லை. ஸ்பிரிங் பட்டைகளுக்கு நடுவே துரு ஏறி ஒன்றோடொன்று கவ்விக்கொண்டிருக்கும், அல்லது ஷேக்கிள் புஷ் இறுகியிருக்கும். கடல் காற்றடிக்கும் நம் பக்கத்தில் பெரும்பாலும் இதுதான் கதை. துருவுக்கு மருந்து என்று பழைய இன்ஜின் ஆயிலை அடியில் தெளிப்பதை மட்டும் தயவுசெய்து விடுங்கள். புஷ்ஷின் ரப்பர் அதில் ஊதிக் கெட்டுவிடும்.

புதுப் புஷ் போட்ட வண்டியே முரண்டு பிடிப்பதும் உண்டு. ஜாக்கியில் சக்கரம் தொங்கும்போதே நட்டை முழுக்க இறுக்கியிருப்பார்கள். ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டி தரைக்கு இறங்கியதும் முறுக்கேறி எதிர்க்கும், சீக்கிரம் கிழியும். வண்டியின் எடை முழுக்கச் சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கு.

இனி ஷாக். கழற்றிய கையை மேலும் கீழும் கடைசி வரை அசைத்துப் பாருங்கள். சீரான எதிர்ப்போடு நகர்ந்தால் நல்லது. கொஞ்ச தூரம் லொடலொடவென்று ஓடிப் பிறகு பிடித்தால் ஆயில் குறைந்து காற்று புகுந்திருக்கிறது. ஓரிடத்தில் முட்டி நின்றால் வால்வில் கசடு, இல்லையேல் ஸ்பிண்டிலில் துரு.

போகிற தூரமெல்லாம் கனமாக நகர்கிறதா? முன்பு யாரோ கையில் கிடைத்த இன்ஜின் ஆயிலை ஊற்றியிருக்க வாய்ப்பு அதிகம். பிரேக் ஆயில் ஊற்றுவது இதைவிட மோசம். அது ஈரத்தை இழுத்து உள்ளே துருவைக் கொண்டுவரும். இன்று திருவள்ளூரில் கார் தயாரிக்கும் சித்ரோன், 1955-இல் ஹைட்ராலிக் சஸ்பென்ஷனோடு டிஎஸ் காரைக் கொண்டுவந்தது. அதில் முதலில் ஊற்றியது தாவர எண்ணெய் சார்ந்த திரவம், பிறகு செயற்கைத் திரவம். அதுவும் ஈரத்தை உறிஞ்சித் தொல்லை தந்ததால், 1966 வாக்கில் பச்சை நிற மினரல் ஆயிலுக்கு மாறினார்கள்; அதற்கேற்ப உள்ளே ரப்பர் சீல்களையும் மாற்றவேண்டி வந்தது. ஒன்றுக்கான வண்டியில் மற்றதை ஊற்றினால் சீல் போய்விடும்.

ஆகவே ஷாக்குக்கென்று விற்கும் ஆயிலை மட்டும் ஊற்றுங்கள். மூடியைத் திறக்கும் முன் சுற்றியுள்ள மண்ணை வயர் பிரஷ்ஷால் தேய்த்துத் துடையுங்கள். ஒரு சிட்டிகை மணல் உள்ளே விழுந்தாலும் வால்வு கெடும். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, குமிழி நிற்கும் வரை கையை அசைத்து, குறைந்ததை நிரப்பி மூடுங்கள். ஊற்றிய ஆயிலின் பெயரை ஜாப் கார்டில் எழுதிவையுங்கள்; அடுத்து அந்த மூடியைத் திறப்பவர் வேறொரு பட்டறைக்காரராக இருக்கலாம்.