எரியும் குப்பைக்குள் என்ன இருக்கிறது?

தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்ற வேண்டும். இது சிறு பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். ஆனால் எரிவது குப்பை மேடாக இருந்தால்? அந்தக் குப்பையில் ஆஸ்பத்திரிக் கழிவும், பழைய பாட்டரியும், ரசாயன டப்பாக்களும் கலந்து கிடந்தால்?

அப்போது ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும். உள்ளே கிடப்பது என்ன? இதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு ஸ்தல ஸ்தாபனத்தைச் சேர்ந்தது. பஞ்சாயத்து, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி ஆகியவைதான் குப்பையை அள்ளுகின்றன, குவிக்கின்றன. அவற்றுக்கே தெரியவில்லை என்றால், தீயணைக்க ஓடி வருகிறவனுக்கு எப்படித் தெரியும்?

குமரி மாவட்டத்துத் திருவட்டாறு போன்ற ஊர்கள் இந்தக் கேள்வியை இப்போதே கேட்டுக்கொள்வது நல்லது. ஏன் என்பதற்குக் கொச்சியில் நடந்ததை முதலில் பார்ப்போம்.

கொச்சியின் 11 நாட்கள்

கொச்சி மாநகராட்சியின் குப்பைக் கிடங்கு பிரம்மபுரத்தில் இருக்கிறது. 2023 மார்ச் 2-ந் தேதி அங்கே தீப்பிடித்தது. பல ஆண்டுகளாகச் சேர்ந்த பிளாஸ்டிக் மலை அது. தீயணைப்புப் படையினர் இரவு பகலாகத் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். பக்கத்தில் ஓடும் கடம்பிரையாற்றிலிருந்து பம்ப் வைத்து இறைத்தார்கள். கடற்படை, விமானப்படை ஹெலிகாப்டர்களும் வானிலிருந்து நீரைக் கொட்டின. அப்படியும் தீ அடங்க மார்ச் 13-ந் தேதி ஆயிற்று.

இதற்கிடையே நகரத்தைப் புகை மூடியது. வெளியே வராதீர்கள், முகமூடி அணியுங்கள் என்று ஜனங்களுக்குச் சொல்லப்பட்டது. சுற்றுவட்டாரத்தில் சிறு பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விடப்பட்டது. கேரள உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து விசாரித்தது. நெருப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே மாவட்டக் கலெக்டர் மாற்றப்பட்டார். மார்ச் 17-ந் தேதி, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கொச்சி மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் விதித்து உத்தரவிட்டது.

தமிழ்நாடும் தப்பவில்லை. 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடிக் கிடங்கு எரிந்தது. 2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூர்க் கிடங்கு எரிந்தது. வெள்ளலூர்த் தீயை அணைக்க 76 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவு என்று மாநகராட்சி கணக்குக் காட்டியது. அதில் சாப்பாடு, டீ, காப்பி வகையில் மட்டும் சுமார் 27 லட்சம்! இந்தக் கணக்கு ஊர் முழுவதும் பேச்சாயிற்று. டீச் செலவைப் பற்றிச் சிரித்தவர்கள், இத்தனை ஆட்களும் வண்டிகளும் பல நாட்கள் தேவைப்பட்டது எதனால் என்று கேட்டார்களா?

மேலே புகை, அடியில் நெருப்பு

குப்பை மேட்டின் அடியில் காற்றுப் புகாத இடத்தில் கழிவு மக்கும்போது மீத்தேன் என்ற வாயு உண்டாகிறது. இது எளிதில் தீப்பற்றக் கூடியது. மேலே ஊற்றும் தண்ணீர் பிளாஸ்டிக் தாள்களின் மீது வழிந்து ஓடிவிடும்; அடியில் இருக்கும் கங்குக்குப் போய்ச் சேராது. ஆகவே இயந்திரம் கொண்டு மேட்டைக் கிளறி, நனைத்து, மறுபடியும் கிளற வேண்டும். பிறகு மண்ணைப் போட்டு மூட வேண்டும். பிரம்மபுரத்தில் நாட்கணக்கில் நடந்தது இந்த வேலைதான்.

கலந்து கிடக்கும் பொருளால் ஆபத்து பெருகுகிறது. பி.வி.சி. பிளாஸ்டிக் எரிந்தால் அமில வாயுவும், டயாக்சின் என்ற கொடிய நச்சும் வெளிப்படும். நசுங்கிய லித்தியம் பாட்டரி தானே தீப்பற்றும். பழம் பழுக்க வைக்கச் சிலர் பயன்படுத்தும் கார்பைடு கல் மீது தண்ணீர் பட்டாலோ அசிட்டிலீன் வாயு கிளம்பும். வெல்டிங் பட்டறையில் இரும்பையே உருக்குகிற வாயு அது! நெருப்பை அணைக்கும் தண்ணீரே நெருப்புக்குத் தீனியாகிவிடும்.

எல்லை தாண்டும் கழிவு

திருவட்டாறில் கொச்சியைப் போன்ற குப்பை மலை கிடையாதே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் ஊர் கொட்டாத குப்பையும் ஊருக்குள் வந்து சேரும் காலம் இது.

2024 டிசம்பரில் திருநெல்வேலி அருகே நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் கேரளத்து ஆஸ்பத்திரிக் கழிவு கொட்டப்பட்டிருந்தது. மூன்று நாட்களில் அள்ளிக்கொண்டு போகும்படி பசுமைத் தீர்ப்பாயம் கேரளத்துக்கு உத்தரவிட்டது. லாரிகள் வந்து அள்ளிச் சென்றன. அந்தக் கழிவு நெல்லை வரை போக முடிந்தது என்றால், எல்லையை ஒட்டிய குமரி மாவட்டத்துக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? இங்கேயும் கழிவு ஏற்றி வந்த வண்டிகள் அவ்வப்போது பிடிபட்டே வருகின்றன. மருத்துவக் கழிவைக் கொட்டுகிறவர்களைக் குண்டர் தடுப்புச் சட்டத்தில் பிடிக்க வழி செய்து 2025-ல் தமிழகச் சட்டசபை திருத்தம் நிறைவேற்றியது.

இப்படி இரவில் கொட்டிய கழிவு ஒரு ரப்பர் தோட்டத்து ஓரம் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தை, மாசியில் தோட்டத்துத் தரையில் சருகு மெத்தை போலக் கிடக்கும். யாரோ ஒருவர் பீடித் துண்டை வீசினால் போதும்.

தீ மட்டுமா கவலை? திருவட்டாறு ஆறு வளைத்த ஊர். பெயரே அதைச் சொல்கிறது. கோதையாறும் பரளியாறும் மூவாற்றுமுகத்தில் கூடிக் குழித்துறை வழியாகத் தேங்காப்பட்டணம் கடலுக்குப் போகின்றன. மேலே நச்சுக் குப்பையை அணைத்த தண்ணீர் ஓடையில் இறங்கினால், அதன் பலனைக் கீழே இருக்கிறவர்கள் குடிக்க வேண்டியதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி, மாவட்ட ஆணையத்துக்குத் தலைவர் கலெக்டர். ஸ்தல ஸ்தாபனங்களுக்கும் அந்தச் சட்டம் வேலை வைத்திருக்கிறது. தம் ஊழியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். சாதனங்களை எந்த நேரமும் தயாராக வைத்திருக்க வேண்டும். திறந்த வெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாய் என்று பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது.

உத்தரவுகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு சிறு பேரூராட்சி, தீப்பற்றிய முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்யும் என்பதுதான் எழுதப்படாமல் இருக்கிறது.

முதல் ஒரு மணி நேரம்

பெரும் பணம் தேவையில்லாத சில காரியங்கள் உண்டு.

முதலாவது, ஒரு பதிவேடு. கிடங்கில் எந்தப் பக்கம் என்ன குவிந்திருக்கிறது என்று செயல் அலுவலரின் மேஜையில் எழுதி இருக்க வேண்டும். தீயணைப்பு நிலையத்திலும் அதன் நகல் வேண்டும். பாட்டரி, டியூப்லைட், மருந்து டப்பா ஆகியவற்றைத் தனியே பிரித்து வைக்க வேண்டும்.

இரண்டாவது, மண்ணும் இயந்திரமும். கிடங்குக்குப் பக்கத்தில் மண் குவித்து வைப்பது கடினமா? மண் அள்ளும் இயந்திரம் யாரிடம் இருக்கிறது, நடு ராத்திரியில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைக்கலாம். கழிவு நீர் ஆற்றுக்குப் போகாமல் தடுக்கும் வரப்பும் அவசியம்.

மூன்றாவது, அறிவிப்பு. புகை எந்தத் திசையில் போகிறது, யார் வீட்டைப் பூட்டிக்கொண்டு அப்பால் போக வேண்டும் என்று உடனே சொல்ல வேண்டும். கோயில், மாதாகோவில், பள்ளிவாசல் ஒலிபெருக்கிகள் இந்த மாவட்டத்தில் எங்கும் உண்டு. ஆஸ்துமாக்காரர், கர்ப்பிணிகள், குழந்தைகள் முதலில் நகர வேண்டும். முகத்தில் கட்டும் ஈரத்துணி நச்சு வாயுவைத் தடுக்காது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஜனங்களுக்கும் பங்கு உண்டு. இரவில் முன்பின் தெரியாத லாரி நின்று எதையோ இறக்கினால், பார்த்தவர் பேசாமல் போய்விடக் கூடாது. 112-க்கோ, மாவட்டப் பேரிடர் எண் 1077-க்கோ ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

கொச்சி பெரிய நகரம். கடற்படை இருந்தது, விமானப்படை வந்தது. அப்படியும் 11 நாட்கள் மூச்சுத் திணறியது. திருவட்டாறுக்கு ஹெலிகாப்டர் வரும் என்று யாரும் காத்திருக்க முடியாது. குப்பையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஹெலிகாப்டரும் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகமும், அதை நாள்தோறும் எழுதுகிற ஒரு மனிதரும் இருந்தால் போதும்.