கூரைக்கு உரியவர் யார்?

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மீரியபெத்த தோட்டத்து லயங்களை மண்சரிவு மூடிய பிறகு, ஊவா மலைச்சரிவுகளில் வாழும் ஜனங்களுக்கு மழைக்கால இரவில் வெளிச்சமும் கைத்தொலைபேசியும் பிராண ரட்சணத்துக்கே வேண்டியவையாயின. ஆயினும் மரம் முறிந்து கம்பி அறுகிற அதே இரவில்தான் மின்சாரம் நின்றுபோகிறது.

சூரியப் படல் பொருத்தினால் இக்குறை தீருமென எண்ணுவோர் பலர். மின்சார சபையின் கம்பியோடு மாத்திரம் இணைந்த சாதாரண அமைப்போ, கம்பியில் வேலை செய்யும் ஊழியருக்கு அபாயம் நேராதிருக்கும்பொருட்டு, மின்சாரம் நின்ற கணமே தானும் நின்றுவிடும். 2022இன் நெடிய மின்வெட்டுகளில், உச்சி வெயிலிலும் அத்தகைய படல்கள் வெறுமனே காய்ந்தன. பற்றரியும் அதற்கிசைந்த இன்வேர்ட்டரும் சேர்ந்த கலப்பு அமைப்பு, வெயில் நாளில் சூரியனிடமும், பனிமூட்டம் விலகாத ஐப்பசி கார்த்திகையில் கம்பியிடமும் மின்சாரத்தைப் பெற்றுச் சேமித்து, தடை வந்ததும் வீட்டைத் தனியே பிரித்து நடத்தும். 9 வாட் மின்குமிழ்கள் நான்கு 6 மணிநேரம் எரிந்தால் கால் அலகுகூடச் செலவாகாது. 1 அலகு பற்றரி மூன்று இரவுகளுக்குத் தாராளம். (கேத்தலை மட்டும் அதில் மாட்டாதிருக்க வேண்டும்.)

விலையைவிடப் பெரிய விக்கினம் கூரையே. 2016இல் அரசாங்கம் ஆரம்பித்த கூரைச் சூரிய மின்சாரத் திட்டம், கூரையைத் தமதென்று சொல்லக்கூடியவர்களுக்கே அனுகூலமாயிற்று; லயத்துத் தகரமோ அதன்கீழ் தலைமுறைகளாக வாழ்பவருக்குச் சொந்தமன்று. ஆகையால் லயந்தோறும் பொதுவாக ஒரு படல் வரிசையும் பற்றரியும் அமைக்கத் தோட்டக் கம்பனிகள் எழுத்துமூலம் சம்மதிக்கவும், புதிய வீடமைப்புகளில் கூரை வேயும்போதே அதற்கான கம்பிகளை இழுத்துவிடவும் அரசாங்கம் ஆணையிட வேண்டும்.