அடுப்பைக் கேட்டுவிட்டுச் சட்டி வாங்குங்கள்

டொரண்டோவில் வசிக்கும் நண்பர் ஒருவர் பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்குப் பதுளைக்கு வரவிருக்கிறார். ஹாலிஎலைக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் அவருடைய பெரியம்மாவின் குடும்பம் இருக்கிறது. சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்து, "பயேயாச் சட்டி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். நல்ல அகலம், இரண்டு கைப்பிடி, பார்க்கவே அழகு. பெரியம்மாவுக்குக் கொண்டுவரலாமா?" என்று கேட்டார். கொண்டுவர வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். சற்றுக் கடுமையாகச் சொல்லிவிட்டேனோ என்று பின்னர் தோன்றியது. ஆகவே காரணங்களை எழுதிவிடுகிறேன். பெட்டி கட்டிக்கொண்டு ஊருக்கு வரும் எல்லோருக்கும் இவை பயன்படக்கூடும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். அந்தச் சட்டியின் மீது எனக்குக் கோபம் இல்லை. ஸ்பெயினின் வலென்சியாப் பகுதி உழவர்கள் ஆக்கிய சோற்றின் பெயராகவே பயேயாவை இன்று உலகம் அறியும். ஆனால், அந்தப் பெயர் சோற்றுக்கு வந்தது சட்டியிலிருந்துதான். ஆழமில்லாத, மெல்லிய இரும்புத் தகட்டுச் சட்டி அது. அரிசி ஒரு விரற்கடைக்கு மேல் உயராமல் பரவி, நீர் விரைவாக வற்றி, அடியில் மொறுமொறுப்பான காந்தல் பிடிக்க வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்தார்கள். உண்பவர் தொகை கூடினால் சட்டியின் அகலம் கூடும், ஆழம் கூடாது. தோடை மரத்து விறகைப் பரப்பி, சட்டியின் அடி முழுவதும் தீ படும்படி எரிப்பது அவர்கள் வழக்கம். எரிபொருள், அடுப்பு, உண்பவர் தொகை ஆகிய மூன்றையும் பார்த்துச் செய்த பாத்திரம் என்பதே அதன் சிறப்பு.

அதே மூன்றையும் ஊவாத் தோட்டத்து லயத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே அடுப்பின் வாய் ஒடுக்கம். தீ நடுவில் எழும். அகன்ற மெல்லிய சட்டியை வைத்தால் நடுப்பகுதி கருகும், விளிம்பு வேகாது. சோற்றைப் பானையில் கொதிக்கவைத்துக் கஞ்சி வடிப்பவர்களுக்குத் தட்டைச் சட்டியில் வேலையில்லை. குழம்புக்கு ஆழம் போதாது. தடித்த ரொட்டியைச் சுட்டாலோ மேலே கரியும், உள்ளே மாவாக இருக்கும். முடிவில் அது காம்பராச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கும். பெரியம்மா வந்தவர்களுக்கெல்லாம் அதைக் காட்டி, "கனடாவிலிருந்து மகன் கொண்டுவந்தான்" என்பார். அவருக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால், அவருடைய ஒரு வேளைச் சமையலைக்கூட அது எளிதாக்கியிராது.

இவ்வளவு உறுதியாக நான் பேசுவதற்குக் காரணம் நானே ஒருமுறை தவறியதுதான். 2011 ஆம் ஆண்டு தீபாவளிக்குப் பசறைப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த என் அக்காவுக்கு, கொழும்பில் ஒட்டாத பூச்சுள்ள தாச்சி ஒன்றை வாங்கிச் சென்றேன். விலை அதிகம், வாங்கிக் கொடுத்ததில் எனக்குப் பெருமையும் அதிகம். அடுத்த ஆண்டு போனபோது அந்தத் தாச்சியைக் காணவில்லை. கேட்டதற்கு அக்கா பேச்சை மாற்றினார். பிறகு விறகுக் கட்டுக்குப் பின்னால் அதைக் கண்டேன். பூச்சு செதில் செதிலாக உரிந்திருந்தது. பிளாஸ்டிக் கைப்பிடி உருகி வளைந்திருந்தது. "நல்ல சாமான்தான் தம்பி. எனக்குத்தான் வச்சிருக்கத் தெரியல" என்றார்.

அந்த வார்த்தையை என்னால் மறக்க முடியவில்லை. அத்தகைய பூச்சு ஏறத்தாழ 260 பாகை செல்சியசைத் தாண்டினால் சிதையத் தொடங்கும். கவ்வாத்து மிலாறு கொழுந்துவிட்டு எரியும் அடுப்பில் வெறும் தாச்சி அந்தச் சூட்டை எட்ட அதிக நேரம் ஆகாது. சாம்பலும் தேங்காய்ப் பொச்சும் போட்டுத் துலக்குவது எங்கள் வழக்கம். அதற்கும் பூச்சு தாங்காது. அவருடைய அடுப்பு எது, அவர் எதைக் கொண்டு பாத்திரம் துலக்குகிறார் என்று கேளாமல் வாங்கியது நான். தவறு செய்தவன் பெருமையோடு திரும்பிவிட்டேன். ஓராண்டாக வெட்கப்பட்டு அதை ஒளித்து வைத்திருந்தவர் அக்கா. பொருந்தாத பரிசு செய்யும் கேடு இதுதான். பணம் வீணாவதைப் பொறுத்துக்கொள்ளலாம். வாழ்நாள் முழுவதும் சமைத்த ஒரு பெண்ணைத் தனக்குச் சமையல் சாமான் வைத்திருக்கத் தெரியவில்லை என்று நினைக்க வைப்பதைப் பொறுக்க முடியாது.

அப்படியானால் எதை வாங்குவது? என் பரிந்துரை வார்ப்பிரும்பு ரொட்டிக்கல்.

தோட்டத்துச் சமையலில் ரொட்டியின் இடத்தை வெளியிலிருப்போர் எளிதில் உணர்வதில்லை. விடியுமுன் எழுந்து, கோதுமை மாவில் தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, தட்டிச் சுட்டு, சம்பல் அரைத்து, பிள்ளைகளுக்கும் தமக்கும் பிரித்து வைத்துவிட்டே பெண்கள் பிரட்டுக்குப் போகிறார்கள். மலையில் கொழுந்து பறிக்கும் இடத்தில் பகலுணவும் பல நாட்களில் அதுவே. இந்த ரொட்டியை விருப்ப உணவு என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது. பங்கீட்டு மாவும் மலிவு விலை மாவும் சேர்ந்து உருவாக்கிய பழக்கம் அது. 1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் பசியால் இறந்தவர்கள் உண்டு. 2022 நெருக்கடியில் மாவின் விலை ஏறியபோது ரொட்டியை எண்ணிச் சுட்ட வீடுகளும் உண்டு. அந்த ரொட்டி கருகாமலும் உடையாமலும் வரவேண்டும் என்பது அங்கே சுவை பற்றிய கேள்வி மட்டுமன்று.

வார்ப்பிரும்பு மெதுவாகச் சூடேறும். ஏறிய சூட்டை விடாது. விறகுத் தீ எழுந்தும் தணிந்தும் ஆடினாலும் கல்லின் சூடு ஏறத்தாழ ஒரே நிலையில் நிற்கும். தடித்த ரொட்டி உள்வரை வேக அதுவே தேவை. மெல்லிய தகட்டுக் கல் விலை குறைவு. ஆனால் சில மாதங்களில் நெளிந்து நடுவில் குழி விழுந்துவிடும். புளிக்குழம்புக்கு மட்டும் இரும்பு வேண்டாம். அதற்கு மண்சட்டி இருக்கிறது.

வாங்கும்போது சிலவற்றைக் கவனியுங்கள். முதலில் அடுப்பின் வாயை ஒரு நூலால் அளந்து சொல்லச் சொல்லுங்கள். கல் அதைவிடச் சற்றே அகன்றிருந்தால் போதும். கைப்பிடியும் இரும்பாகவே இருக்கட்டும். சமதளத்தில் வைத்துப் பாருங்கள், ஆடக்கூடாது. விரலால் தட்டினால் மணி போல் ஒலிக்க வேண்டும். மழுங்கிய ஓசை வந்தால் கீறல் இருக்கலாம். கல்லைத் தூக்கப் போகிறவரின் வயதையும் நினைவில் வையுங்கள். கொழுந்துக் கூடை சுமந்து தேய்ந்த தோளுக்கு மிகப் பெரிய கல் ஆகாது. இதற்காக விமானத்தில் இரும்பைச் சுமக்க வேண்டியதில்லை. பதுளை பசார் வீதியில் பெரியம்மாவையே அழைத்துச் சென்று, அவர் கையாலேயே தூக்கிப் பார்த்து எடுக்கச் செய்யுங்கள்.

வாங்கிய கல்லைப் பழக்கியும் கொடுத்தால் இன்னும் நல்லது. சில நாட்கள் அரிசி களைந்த நீரில் ஊறவைத்து, தேய்த்துக் கழுவி, எண்ணெய் பூசிச் சூடேற்றி, பாதி வெங்காயத்தால் தேய்த்து எடுக்க வேண்டும். ஊவாவின் மழைக்காலத்தில் ஈரத்தோடு விட்டால் துரு ஏறும். துடைத்து எண்ணெய் தடவி வைத்தால் மகள் காலத்துக்கும் நிற்கும்.

"இன்னும் அவர்கள் விறகடுப்பில்தான் கிடக்க வேண்டுமா? எரிவாயு அடுப்பே வாங்கிக் கொடுக்கலாமே?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. புகையில் இருமும் பெண்களைப் பார்த்தவன் நான். ஆனால், 2024 இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக உயர்ந்தபோது, 12.5 கிலோ எரிவாயு சிலிண்டரின் விலை 3,000 ரூபாவைத் தாண்டியிருந்தது. அடுப்பை நாம் கொடுத்துவிடலாம். சிலிண்டரை மாதந்தோறும் வாங்கப் போவது யார்? அதையும் அனுப்ப முடிந்தவர்கள் தாராளமாக அனுப்பட்டும். முடியாதவர்கள், 1980களில் இலங்கையில் பரவத் தொடங்கிய 'அனகி' என்னும் இருவாய் மண்ணடுப்பைக் கல்லோடு சேர்த்து வாங்கிக் கொடுக்கலாம், விறகு மிச்சப்படும். நாளை எரிவாயு வந்தாலும் அதே கல்லை அதன்மீது வைக்கலாம். தட்டையான அடியாக இருந்தால் மின்காந்த அடுப்பிலும் வைக்கலாம். பூச்சு உரிந்த தாச்சிக்கு அந்த எதிர்காலம் இல்லை.

மேலும் ஒன்று. 2025 நவம்பரில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் பதுளை மாவட்டத்தில் மண் சரிந்து வீடுகள் பல போயின. உங்கள் உறவினருக்கு இப்போது அடுப்படி என்று ஒன்று இருக்கிறதா என்பதையும் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நண்பருக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவே. பயேயாச் சட்டியை டொரண்டோவில் உங்கள் வீட்டுக்கே வாங்குங்கள். அங்கே அதற்கேற்ற அடுப்பு இருக்கிறது. பெரியம்மாவுக்கு இன்று மாலையே ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள். "என்ன வேண்டும்?" என்று கேட்டால், "ஒண்ணும் வேணாம்பா, நீ வந்தா போதும்" என்பார். அதை விட்டுவிட்டு, "காலையில் எதில் ரொட்டி சுடுகிறீர்கள்?" என்று கேளுங்கள். என் அக்காவிடம் நான் கேளாமல் விட்ட கேள்வி அதுதான்.